தலைதட்டாத கரண்டி

அத்தியாயம் 17

போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு இந்தத் தொடரைப் படித்ததாகவும், மருத்துவமனையிலிருந்து போன் வந்த இடத்தில் பால் பொங்கி வழிந்துவிட்டதாகவும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் இந்த வாரம் அடுப்பை அணைத்துவிட்டு உட்காரட்டும்.

விட்டுப்போனவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்டச்சிக்கு முப்பத்தெட்டு வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அண்ணன் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு உயரம் பார்த்த காலத்திலேயே அவனைத் தாண்டிவிட்டதால் வந்த பெயர் அது. ஏழு வருட வைத்தியத்துக்குப் பிறகு அவளுக்கென்று மருத்துவமனை உறைபெட்டியில் ஒரே ஒரு கரு இருக்கிறது. இனி இன்னொன்று உண்டாக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதை இந்த மாதம் கருப்பையில் வைப்பதாக ஏற்பாடு. ஆனால் நேற்றைய ஸ்கேனில் ஏதோ சரியில்லையாம். இன்று பன்னிரண்டு மணிக்கு வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அவள் கணவன் கப்பலில் சமையல்காரன். கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மருத்துவமனைக்குப் போனால் அங்குள்ள லிஃப்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆகவே 'வீட்டில் ஒருவர்' என்றால் அண்ணிதான்.

அந்த அண்ணி இன்று காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

அவள் வேலை செய்வது சத்துப் பொடிகள் தயாரிக்கும் தொழிற்சாலையில். டப்பாவில் பொடி சரியான எடையில் இறங்குகிறதா, உள்ளே போடும் பிளாஸ்டிக் கரண்டி சரியான அளவில் அள்ளுகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. கரண்டியில் பொடியை அள்ளி, மேலே இருப்பதை எஃகுப் பட்டையால் வழித்துத் தலைதட்டி, தராசில் வைப்பாள். ஐந்து கிராம் காட்டவேண்டும். பதினொரு வருடமாக அவளை ஏமாற்றி ஒரு கரண்டிகூட அந்த அறையைத் தாண்டியதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருக்கவேண்டியதுதான்.

இன்று ஓடிக்கொண்டிருந்தது பெண்களுக்கான சோயாப் பொடி. முன்பெல்லாம் அது வெறும் சோயா மாவு. ஐந்து மாதத்துக்கு முன்பு அதை மாற்றினார்கள். சோயாவில் இருக்கும் ஒரு சத்தை மட்டும் பிரித்து, காயவைத்து, அடர்த்தியாக்கிய பொடி இது. நிறமும் மணமும் பழையதுபோலத்தான். லேபிளில் மட்டும் புதிதாக ஒரு பெண் தலைமுடியைப் பறக்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு அம்மாள் கரண்டியைப் பொடியில் முக்கி, அப்படியே குவித்து, தராசுப் பக்கம் கொண்டுபோனார்.

"தலைதட்டுங்கம்மா. வீட்டு ஆளுங்களுக்கு அள்ளிப் போடற மாதிரி போடறீங்களே," என்றாள் அண்ணி.

சொன்ன வாய் மூடவில்லை. அதற்குள் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் அவளே அப்படித்தான் போட்டாள். தொழிற்சாலையில் நசுங்கிய டப்பாக்களைத் தொழிலாளிகள் எடுத்துப்போகலாம். ஐந்து மாதமாக அவற்றை நாத்தனாருக்குத்தான் சுமந்தாள். காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, வெந்நீரில் கலக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. தலைதட்டிக் கொடுப்பதெல்லாம் ஊராருக்கு. நம் வீட்டுப் பெண்ணுக்கு யாராவது பட்டையால் வழித்துக் கொடுப்பார்களா? கரண்டி நிறைய, மேலே குவிந்து நிற்க, சிந்தாமல் கொண்டுபோவாள். 'பழைய மாவைவிட இதுக்கு வீரியம் ஜாஸ்தி' என்று பெருமை வேறு.

அந்த அம்மாளிடமிருந்து கரண்டியை வாங்கினாள். வீட்டில் அள்ளுவதுபோலவே அள்ளி, தராசில் வைத்தாள். பன்னிரண்டு கிராம்.

இன்னொரு முறை அள்ளினாள். தராசு அதையேதான் சொன்னது.

டப்பா மூடியில் ஓட்டை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து லேபிளின் அடியில் வைத்தாள். ஒரு நாளைக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி. அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் இன்னொரு வரி: குழந்தைப்பேற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்களும் ஹார்மோன் சம்பந்தப்பட்ட நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின் உபயோகிக்கவும்.

அந்த வரியை அவள் பார்த்ததே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை, அவளும் சொல்லமாட்டாள். பார்த்திருக்கிறாள். அது வெளியாட்களுக்காக எழுதியது என்று நினைத்துவிட்டாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு நசுங்கிய டப்பாவையும் உள்ளங்கையளவு தராசையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள். அவன் எங்கோ ஏழாவது மாடியில் லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டான்.

"இப்ப சொல்லாத. முதல்ல டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாரு," என்றான்.

"நான் சொன்னாத்தான் அவங்களுக்கே சொல்ல எதாவது இருக்கும்."

"அவ மனசு உடைஞ்சிடுவா."

"உடைஞ்சா கூட இருந்து பாத்துக்கலாம். கரு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதை யார் பாத்துக்கறது?"

"உன்மேல கோபப்படுவா. பேசாமப் போயிடுவா. உனக்குத் தாங்காது."

"தாங்காதுதான்," என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்தாள்.

நெட்டச்சி ஓட்டும் பேருந்து பத்தே முக்காலுக்கு அந்தப் பக்கம் வரும். அதில் ஏறிய அண்ணி நேராக முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, இந்நேரத்துல?"

அண்ணி வாயைத் திறந்தாள். ஓட்டுநரின் தலைக்கு மேலே, வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் அவள் கை நடுங்காது என்று என்ன நிச்சயம்?

"சும்மாதான். சேர்ந்து போகலாம்னு வந்தேன்," என்றாள்.

நெட்டச்சி கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சும்மா வர்ற ஆளா நீங்க," என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினாள். ஒன்பது நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து மூடும் வரை அண்ணிக்கு வார்த்தை தொண்டைவரை வரும், வண்டி நகர்ந்ததும் விழுங்கிக்கொள்வாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பாதையில் அந்தப் பேருந்து போனதே இல்லை.

டிப்போவில் பெண் ஓட்டுநர்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. பெட்டகங்கள், ஒரு பெஞ்சு, டீ சுடவைக்கும் பாத்திரம், நின்றுபோன கடிகாரம். நெட்டச்சி தொப்பியைக் கழற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், அண்ணி பெஞ்சில் டப்பாவையும் தராசையும் எடுத்துவைத்திருந்தாள்.

"அந்த நர்ஸ் உன்னை என்னென்ன மருந்து சாப்பிடறேன்னு எழுதச் சொன்னாங்கல்ல?"

"ஆமா. சத்து மாத்திரை ரெண்டும் எழுதினேன்."

"இதை எழுதினியா?"

"இதை எதுக்கு எழுதணும்? இது மருந்தில்லையே. சாப்பாடுதானே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள் அண்ணி. பிறகு கரண்டியை எடுத்துத் தலைதட்டி ஒரு முறையும், வீட்டில் அள்ளுவதுபோல் ஒரு முறையும் வைத்துக் காட்டினாள். ஐந்து. பன்னிரண்டு. லேபிளின் அடிவரியைப் படித்தும் காட்டினாள். தன் மேல் தப்பு என்பதை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை குரல் உடைந்துவிட்டது.

நெட்டச்சி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு," என்றாள் கடைசியில். "இல்ல. முப்பத்தாறு."

"எப்படி முப்பத்தாறு?"

நெட்டச்சி தன் பெட்டகத்தைத் திறந்தாள். சாவிக்கொத்துக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவில் இன்னொரு நசுங்கிய டப்பா உட்கார்ந்திருந்தது. "மத்தியானம் இங்க ஒரு கரண்டி. உங்களுக்குத் தெரியாம. நீங்க ரெண்டு வேளை கொடுத்தீங்க, மூணு வேளை சாப்பிட்டா சீக்கிரம் நடக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு."

ஐந்து கிராம் எடுக்கவேண்டியவள் அதைப்போல் ஏழு மடங்கு எடுத்திருக்கிறாள். அதுவும் ஐந்து மாதமாக. அண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை டாக்டர்கிட்ட சொல்லவேண்டாம்," என்றாள் நெட்டச்சி.

"என்ன?"

"சொன்னா தள்ளிப்போடுவாங்க. நிறுத்திட்டேன்னா ஆச்சு. இன்னியிலிருந்து தொடமாட்டேன். மூணு தடவை ஃபாரத்துல வேற ஒண்ணுமில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். பொய்க்காரின்னு நினைச்சிடுவாங்க. ஏழு வருஷம் காத்திருந்துட்டேன், இன்னும் ஒரு மாசம்னு யாராவது சொன்னா என்னால முடியாது."

"நெட்டச்சி, இங்க பாரு."

"உங்களுக்குச் சொல்றது சுலபம். உங்களுக்கு ரெண்டு பெரிய பசங்க இருக்காங்க."

'அண்ணி' என்ற சொல் அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை. அண்ணி அதைக் கவனித்தாள். வலித்தது. ஆனாலும் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீ கோபப்படு. ஒரு வருஷம் வேணும்னாலும் பேசாம இரு. ஆனா இந்தக் கரண்டி இன்னிக்கு அந்த டாக்டர் மேஜைக்குப் போகும். முதல்ல நீ சொல்ல இடம் கொடுப்பேன். நீ சொல்லலேன்னா நான் சொல்வேன்."

மருத்துவமனைக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள், ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு அதைத் தேடுகிற பழக்கம் அவருக்கு. ஸ்கேன் படத்தை விளக்குப்பலகையில் மாட்டினார்.

"மாதவிலக்கு ஆன மூணாம் நாள் கர்ப்பப்பையோட உள்பூச்சு மெல்லிசா இருக்கணும். நாலு மில்லிமீட்டர், அஞ்சு மில்லிமீட்டர். உங்களுக்குப் பதினாலு இருக்கு. நடுநடுவுல ரத்தக்கசிவும் இருக்குன்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு வழி தெரியுது. மருந்து கொடுத்து இதைக் கரைச்சுட்டு, இந்த மாசமே கருவை வைக்கப் பார்க்கலாம். இல்லேன்னா நிறுத்திட்டு, ஏன் இப்படின்னு தேடலாம். வெளியிலிருந்து வேற எந்த ஹார்மோனும் உள்ள போகலைன்னா முதல் வழியைத்தான் நான் யோசிப்பேன்." நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். "வேற ஏதாவது சாப்பிடறீங்களா? பொடி, லேகியம், மாத்திரை, எதுவானாலும்?"

இந்த மாதமே வைக்கலாம் என்று டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். இதற்காகத்தானே ஏழு வருடமும் என்று நெட்டச்சியின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அண்ணி பையின் ஜிப்பில் கை வைத்தாள். திறக்கவில்லை. வாக்குக் கொடுத்தபடி காத்திருந்தாள்.

"முப்பத்தாறு கிராம்," என்றாள் நெட்டச்சி.

"என்னது?"

"சோயாப் பொடி, டாக்டர். அஞ்சு மாசமா. ஒரு நாளைக்கு முப்பத்தாறு கிராம். ஃபாரத்துல எழுதலை. சாப்பாடுன்னு நினைச்சேன்." சொல்லிவிட்டு மூச்சு விட்டாள். "அண்ணி, அந்த டப்பாவை எடுங்க."

அண்ணி என்று கேட்டதும் இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்க நேரமில்லாமல் டப்பா, கரண்டி, தராசு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள்.

டாக்டர் திட்டவில்லை. லேபிளை நிதானமாகப் படித்தார். அடிவரியைப் படிக்க அவருக்கும் விளக்கைக் கிட்டே இழுக்கவேண்டியிருந்தது.

"சில செடிகள்ல நம்ம உடம்புல சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் மாதிரியே ஜாடை உள்ள ஒரு பொருள் இருக்கு. சோயாவுல நிறைய. நீங்க பஸ் ஓட்டறவங்கதானே? ஒருத்தருக்குன்னு ரிசர்வ் பண்ணின சீட்டுல அவர் ஜாடையில இன்னொருத்தர் வந்து உட்கார்ந்துட்டா எப்படி இருக்கும்? சில இடத்துல அவர் இவரோட வேலையைக் கொஞ்சம் செய்வார். சில இடத்துல ஒண்ணும் செய்யாம, உண்மையான ஆளையும் உட்காரவிடாம இருப்பார். எங்க எது நடக்கும்னு முன்கூட்டியே சொல்றது கஷ்டம்."

"அப்ப சோயாவே விஷமா?" என்றாள் அண்ணி.

"சேச்சே. சாப்பாட்டுல சாதாரணமா சேர்த்துக்கறதுல எனக்குப் பயமில்லை. எத்தனையோ பேர் தினமும் சாப்பிடறாங்க. இது அந்தச் சோயா இல்ல. பிரிச்சு எடுத்து அடர்த்தியாக்கினது, அதுவும் ஏழு மடங்கு, மாசக்கணக்குல. இப்படி எடுத்துக்கிட்ட சில பேருக்கு உள்பூச்சு தடிச்சதைப் பார்த்திருக்காங்க. மார்புல புற்றுக்கட்டி எடுத்தவங்க, ஹார்மோன் மருந்து சாப்பிடறவங்க எல்லாம் இந்த மாதிரிப் பொடியை டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது."

நெட்டச்சி சட்டென்று நிமிர்ந்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்கவில்லை.

"அப்ப எனக்கு இதனாலதானா?" என்றாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன். வியாழக்கிழமை வாங்க, உள்பூச்சிலிருந்து துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பறேன். அதுல தப்பா ஒண்ணும் இல்லைன்னு தெரியணும். பொடியை இன்னியோட நிறுத்துங்க. ரெண்டு மூணு மாசம் உடம்பு தானா என்ன பண்ணுதுன்னு பார்க்கலாம். இந்த மாசம் வைக்கப்போறதில்லை."

நெட்டச்சியின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"கேளுங்க," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "உறைஞ்சிருக்கிற கருவுக்கு வயசு ஏறாது. மூணு மாசம் கழிச்சும் இன்னிக்கு இருக்கிற மாதிரியேதான் இருக்கும். நீங்க இப்ப வாயைத் திறக்கலைன்னா, இருக்கிற ஒண்ணையும் எடுத்து இந்த உள்பூச்சு மேல வெச்சிருப்பேன். அது நிக்கிறதுக்கு நானே அதிக நம்பிக்கை வெச்சிருக்கமாட்டேன்."

வெளியே வந்து மருத்துவமனைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நெட்டச்சி அழுது முடிக்கும்வரை அண்ணி காத்திருந்தாள். ஆறுதல் சொல்லும் தகுதி தனக்கு இன்று இல்லை என்பது அவள் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

"இனிமே எனக்கு நீங்க எதையும் அள்ளிக் கொடுக்காதீங்க," என்றாள் நெட்டச்சி.

"கொடுக்கலை."

"தண்ணியா இருந்தாலும் அளந்து கொடுங்க."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நெட்டச்சி தன் நீளமான கையை அவள் தோளில் போட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, அண்ணி போனை எடுத்துத் தொழிற்சாலை மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"சார், அந்தச் சோயாப் பொடியை இன்னிக்கு லாரியில ஏத்தாதீங்க. அடிவரியைப் பெரிய எழுத்துல போடணும், கரண்டியில தலைதட்டற கோடு வேணும். ஆமா, நான்தான் நேத்து சரின்னு கையெழுத்துப் போட்டேன். இன்னிக்குச் சரியில்லைன்னு போடறேன். நாலு மணிக்கு வந்து நேர்ல பேசறேன். முதலாளிகிட்டயே பேசறேன்."

அவர் கத்தியது பெஞ்சின் மறுமுனை வரை கேட்டது. அண்ணி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, அவர் முடித்ததும், "நாலு மணி சார்," என்று சொல்லி வைத்தாள்.

"அண்ணி," என்றாள் நெட்டச்சி. "டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்க வந்தேன். வாய் வரலை."

"என்ன?"

"நீங்க கொண்டுவந்த டப்பாவுல ரெண்டை டிப்போவுல ஒருத்திக்குக் கொடுத்தேன். கவுன்டர்ல சில்லறை எண்ணித் தர்றாளே, அந்தக் கேஷியருக்கு. உடம்பு சோர்வா இருக்குன்னா. எப்படி அள்ளணும்னு நானே காட்டிக் கொடுத்தேன். நீங்க அள்ளற மாதிரியே, குவிச்சு."

"சரி, சொல்லிடலாம். நிறுத்திடுவாங்க."

"அவளுக்குப் போன வருஷம் மார்புல கட்டி எடுத்தாங்க. இன்னும் மாத்திரை சாப்பிடறா."

அண்ணி அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடட்டுமான்னு அவ கேட்டா," என்றாள் நெட்டச்சி. "நான்தான், 'எதுக்கு, இது மருந்தில்லையே, சாப்பாடுதானே'ன்னு சொன்னேன்."

"போன் பண்ணு."

"நீங்க சார்கிட்ட பேசறப்பவே பண்ணினேன். எடுக்கலை. இன்னிக்கு அவளுக்கு லீவு."

"வீடு தெரியுமா?"

"தெரியும். ரெண்டு பஸ் மாறணும்."

அண்ணி பெஞ்சில் வைத்திருந்த தராசையும் டப்பாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். கரண்டியை எடுக்கப் போனபோது நெட்டச்சி அதை முந்தி எடுத்துக்கொண்டாள். பாடுபட்டு வாங்கிய ஓய்வுநாளில் அந்தப் பெண் இந்நேரம் வெந்நீர் வைத்திருப்பாளோ என்னவோ. முதல் பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் அண்ணி.

"கொடுத்தது நான்," என்றாள் நெட்டச்சி. வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே படியில் கால் வைத்துவிட்டாள்.